மூவர் பணிபுரியும் சுற்றுலா அலுவலகம்: 2007 ஆம் ஆண்டு மென்பொருளை மாற்றினால் உண்மையில் என்ன கிடைக்கும்?

மூடுபனி (நுவரெலியா), 2026 ஜனவரி 18, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நுவரெலியாவில் மூன்று பேர் மட்டுமே பணிபுரியும் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவுப் பொறுப்பில் இருக்கிறேன். அதிகாலையில் ஹோட்டன் சமவெளிக்கு ஜீப் அனுப்புவது, நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்குவோரை வான் வண்டியில் ஏற்றி வருவது, பருவகாலத்தில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலை ஏறுவோருக்குத் தங்குமிடமும் வழிகாட்டியும் ஒழுங்கு செய்வது ஆகியவையே எங்கள் வேலை. அலுவலகத்தில் இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்றில் விண்டோஸ் 7 உள்ளது, மற்றதில் விண்டோஸ் 10 உள்ளது; இரண்டிலும் ஆபிஸ் 2007 தான். பயண அட்டவணை என்று நாங்கள் அழைக்கும் எக்செல் கோப்பு அதற்கும் முன்பே பிறந்தது. ஆகவே இன்றுவரை பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்திலேயே இருக்கிறது.

கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தபோது, ரயிலில் வரவேண்டியிருந்த விருந்தினர்களை வானுக்கு மாற்றவும், பலருடைய திகதிகளைத் தள்ளிவைக்கவும், சிலருக்கு முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நேர்ந்தது. அந்த வாரம் முழுவதும் நான் ஒரு கணினியிலும் உடன் பணிபுரியும் தம்பி மற்றக் கணினியிலும் ஒரே கோப்பைத் திறந்து வேலை செய்தோம். இரண்டாவதாகத் திறப்பவருக்கு 'வாசிக்க மட்டும்' என்ற அறிவித்தல் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் அதை வேறு பெயரில் சேமித்துக்கொண்டு தொடர்ந்தார். வார இறுதியில் 'அட்டவணை கடைசி', 'அட்டவணை கடைசி 2', 'அட்டவணை உண்மையான கடைசி' என்று மூன்று கோப்புகள் எங்களிடம் இருந்தன. அதன் விளைவாக, ஜனவரிக்குத் தள்ளிவைத்திருந்த ஒரு குடும்பத்துக்காக டிசம்பரில் சாரதி கண்டியில் காத்திருந்தார். வேறொருவருக்கு ஒரே முற்பணத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது தொகை எங்களிடம் திரும்பி வரவில்லை.

இப்போது முதலாளி, மென்பொருளை மாற்றத் தயார் என்றும், ஆனால் செலவழிக்கும் பணத்துக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தருமாறும் கேட்கிறார். விற்பனையாளர்களின் துண்டுப் பிரசுரங்களில் உள்ளதை அவரிடம் கொடுத்தால் அதைக் கடலை சுற்றத்தான் பயன்படுத்துவார். உங்களுடைய அலுவலகங்களில் மாற்றிய பிறகு எது உண்மையில் இலகுவானது, எது மாறவே இல்லை என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையகணக்கு (ஹற்றன்), ஜனவரி 19, காலை 6.15

மகள், நீங்கள் சொன்ன கதையில் மென்பொருளின் குற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டக் காரியாலயத்தில் முப்பத்திரண்டு வருடம் பேரேடு எழுதியவன் நான். ஒரு பேரேட்டுக்கு ஒரு கை என்பதுதான் எங்கள் ஒழுங்கு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டியிருந்தால், ஒருவர் துண்டில் எழுதிக் கொடுப்பார், மற்றவர் பதிவார். நீங்கள் அந்த ஒழுங்கை வைத்துக்கொள்ளாமல் மூன்று பேரேடு திறந்தீர்கள். புதிய மென்பொருள் வாங்கினால் ஆறு பேரேடு திறப்பீர்கள்.

மேலும், விற்பனையாளர்கள் புதியவை என்று சொல்லும் பலவும் உங்கள் 2007 இலேயே உண்டு. ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து ஐம்பது உறுதிக் கடிதங்களை ஒரே முறையில் உருவாக்கும் வசதி அதில் இருக்கிறது. இரண்டாவது சேவைப் பொதி, அதாவது மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட திருத்தத் தொகுப்பு, நிறுவப்பட்டிருந்தால் பிடிஎஃப் ஆகச் சேமிக்கவும் முடியும். பழைய வடிவக் கோப்பில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான், புதியதில் 1,048,576 என்பார்கள். நாளொன்றுக்குப் பத்து விருந்தினர் என்று வைத்தாலும் அந்த 65,536 ஐ நிரப்பப் பதினேழு வருடத்துக்கு மேல் ஆகும். தையற்காரனுக்குக் கோட்டை மதில் எதற்கு?

கண்டிப்பதிவு (கண்டி), ஜனவரி 19, முற்பகல் 11.05

ஐயாவின் ஒழுங்கு சரியானதுதான். ஆனால் அது ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும். சுற்றுலா அலுவலகத்தில் ஒருவர் நானுஓயா நிலையத்தில் நிற்கும்போதுதான் மற்றவருக்கு ரத்துச் செய்யும் தொலைபேசி அழைப்பு வருகிறது. துண்டில் எழுதிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

நான் கண்டியில் ஒரு விடுதியின் முன்பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் ஆபிஸ் 2010 இலிருந்து மாறினோம். தங்கச்சி, உங்கள் ஒரு பக்கக் குறிப்பில் முதலில் எழுத வேண்டியது இது ஒன்றே: கோப்பு ஒரு கணினிக்குள் இருப்பதை விட்டு இணையச் சேமிப்பகத்துக்குப் போகிறது, இருவரும் அதே பிரதியைத் திறக்கிறார்கள், ஒருவர் எழுதுவதை மற்றவர் அந்தக் கணமே பார்க்கிறார். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவிலும், உலாவியில் திறக்கும் எக்செலிலும், கூகுள் ஷீட்ஸிலும் இதைச் செய்யலாம். தனியாக ஒரு முறை பணம் கட்டி வாங்கும் பதிப்பை நாடுவதானால் எக்செல் 2021 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். 2019 ஐ மலிவாகத் தருகிறோம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஏனெனில் இந்த ஒரு வசதி அதில் இல்லை, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இப்படிச் சேர்ந்து எழுத முடியாது என்பதால், முதல் நாளே கோப்பைப் புதிய வடிவத்தில் சேமிக்க வேண்டும்.

இரண்டாவது பயன், பழைய நிலைக்குத் திரும்பிப் பார்க்கும் வசதி. நேற்று மாலை நான்கு மணிக்கு இந்தத் தாள் எப்படி இருந்தது, யார் எந்த வரியை மாற்றினார் என்பதை எங்களால் திறந்து பார்க்க முடிகிறது. இரட்டைத் திருப்பிக் கொடுப்பனவு போன்ற ஒன்று நடந்தால், குற்றம் யாருடையது என்று மூன்று பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

மாறாத ஒன்றையும் சொல்கிறேன். நாங்கள் முன்பு பணம் வந்தால் மஞ்சள் நிறமும், ரத்தானால் சிவப்பு நிறமும், 'கேட்டுப் பார்க்க வேண்டும்' என்றால் ஒரு மாதிரியான இளஞ்சிவப்பும் பூசுவோம். புதிய மென்பொருளிலும் முதல் இரண்டு மாதம் அதையே செய்தோம். இளஞ்சிவப்புக்கு என்ன அர்த்தம் என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் விடுமுறையில் போனார். அதன் பிறகுதான் 'நிலை' என்று ஒரு நிரலை (மேலிருந்து கீழாகச் செல்லும் பத்தியை) வைத்து, அதில் நான்கு சொற்களில் ஒன்றை மட்டுமே தெரிவு செய்யும்படி பூட்டினோம். இதை உங்கள் 2007 இலும் செய்யலாம் என்று ஐயா எழுதுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

அச்சுக்கூடம் (ஹற்றன்), ஜனவரி 19, இரவு 8.20

எல்லோரும் எக்செலைப் பற்றியே பேசுகிறீர்கள். நீங்கள் தமிழில் எழுதும் கோப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? 2007 காலத்து அலுவலகம் என்றால் சாரதிகளுக்கான பட்டியலும், வழிகாட்டிகளின் பெயர்களும், ஊர்ப் பெயர்களும் பாமினியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் காத்திருக்கிறது. பத்து வருடமாக அச்சகத்தில் மற்றவர்களுடைய பாமினியைத் திருத்திக் கொடுத்தே என் கண் போயிற்று; அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பாமினியில் தட்டச்சு செய்யும்போது கணினி சேமிப்பது தமிழ் எழுத்தை அன்று. அது ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளிகளையும் அடைப்புக்குறிகளையும் சேமிக்கிறது. அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. போர்வை இல்லாத இடத்துக்குக் கோப்பு போனால், அதாவது சாரதியின் கைத்தொலைபேசிக்கோ, விடுதியின் கணினிக்கோ, உலாவியில் திறக்கும் எக்செலுக்கோ போனால், 'நல்லதண்ணி' என்ற சொல் பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரி ஆகிவிடும். பெயர்களை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் அது ஆங்கில எழுத்துகளின் வரிசையில் அடுக்கும். தேடினால், தேடும் கட்டத்தில் நீங்கள் யுனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொது முறையில், எழுதிய சொல் பாமினிக் கோப்பில் ஒருபோதும் அகப்படாது. ஆகவே நீங்கள் மென்பொருளை மட்டும் மாற்றி எழுத்தை மாற்றாவிட்டால், கோப்பை எல்லோரும் பார்க்கலாம், யாரும் வாசிக்க முடியாது என்ற நிலை வரும்.

மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முழுக் கோப்பையும் அள்ளிப் போட்டு மாற்றாதீர்கள். உங்களுடைய ஒரே தாளில் வழிகாட்டியின் பெயர் பாமினியிலும் விடுதியின் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கும். மாற்றிக்கு இரண்டும் ஆங்கில எழுத்தாகவே தெரியும். விடுதியின் பெயரையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். வேர்டிலும் எக்செலிலும் தேடும் பெட்டியில், சொல்லைக் கொடுக்காமல் எழுத்துருவை மட்டும் கொடுத்துத் தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகளை அப்படிப் பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு ககரத்தையும், அதன் பின் காலையும் தட்டுகிறோம். யுனிகோடில் ககரம் முதலில் வந்து குறி பின்னால் வருகிறது. தரம் குறைந்த மாற்றிகள் இந்த இடத்தில்தான் இடறும்.

பாமினி விசைப்பலகைக்குப் பழகிய விரல்களுக்கு ஒரு ஆறுதல்: இ-கலப்பை போன்ற கருவிகளில் அதே விசைகளைத் தட்டி யுனிகோடில் எழுதலாம். விரல் மாற வேண்டியதில்லை, சேமிப்பு மட்டும் மாறும். இன்னொன்று, பழைய யுனிகோடுக் கடிதங்களை லதா எழுத்துருவில் எழுதியிருந்தால், புதிய விண்டோஸில் அவை வேறு எழுத்துருவில் தெரிந்து பக்க அமைப்பு குலையலாம். லதா அங்கே இயல்பாக நிறுவப்படுவதில்லை. விருப்பத் தெரிவு அம்சங்களில் தமிழுக்கான துணை எழுத்துருக்கள் என்ற பொதியைச் சேர்த்தால் வந்துவிடும். இதைத் தெரியாமல் கடிதத் தலைப்பு முழுவதையும் மீண்டும் வடிவமைத்துத் தரும்படி என்னிடம் பணம் கட்டியவர்களும் உண்டு. நான் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது.

திருத்துகூடம் (பண்டாரவளை), ஜனவரி 20, பிற்பகல் 1.30

கணினி திருத்துபவனுடைய பக்கத்தையும் கேளுங்கள். ஆபிஸ் 2007 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2017 ஒக்டோபரில் நின்றன. விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 இல் நின்றன. விண்டோஸ் 10 க்கு கடந்த வருடம் ஒக்டோபர் 14 இல் நின்றன. வீட்டுப் பயனருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பு உண்டு என்றாலும் அது வீட்டுப் பயனருக்குத்தான். நிறுத்திய அடுத்த நாள் கணினி நின்றுவிடாது என்பது உண்மை. ஆனால் உங்கள் தொழிலில் முன்பின் தெரியாத வெளிநாட்டவர்கள் அனுப்பும் இணைப்புகளைத் திறப்பதே வேலையாக இருக்கிறது. 'முன்பதிவு விபரம் இணைக்கப்பட்டுள்ளது' என்று வரும் மின்னஞ்சலைத் திறக்காமல் இருக்க உங்களால் முடியாது. தேயிலைத் தொழிற்சாலைக் காரியாலயத்துக்கு இருக்கும் ஆபத்தைவிட உங்களுக்குக் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

அதோடு உங்களிடம் கடவுச்சீட்டுப் பிரதிகள் இருக்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. தேவைக்கு மேல் சேகரிப்பதும், தேவை முடிந்த பின் வைத்திருப்பதும் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. திருத்த வரும் கணினிகளில் ஐந்து, ஆறு வருடத்துக் கடவுச்சீட்டுப் படங்கள் மேசைத்திரையிலேயே கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

வன்பொருளையும் பாருங்கள். விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும் வேண்டும். உங்கள் விண்டோஸ் 7 கணினி அதில் தேறாது. மேலும் விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பு என்பதே இல்லை. உங்கள் பழைய அச்சுப்பொறியின் இயக்கி, அதாவது கணினியிலிருந்து அதை இயக்கும் மென்பொருள், 32 பிட் மட்டுமானால், அச்சுப்பொறியும் கணக்கில் சேரும். செலவுக் குறிப்பில் இதை விட்டுவிட்டு, பிறகு முதலாளியிடம் இரண்டாவது முறை போய் நிற்காதீர்கள்.

கடையில் யாராவது 'அண்ணா, உடைச்சதைப் போட்டுத் தாங்க' என்று, உரிமப் பூட்டை உடைத்த மென்பொருளைக் கேட்டால் நான் போடுவதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒரு காரணம். உடைப்பதற்காகப் போடும் கருவியே பல வேளைகளில் திருடனைக் கதவு திறந்து அழைத்து வருகிறது என்பது அடுத்த காரணம். மைக்ரோசாஃப்டின் குடும்பச் சந்தா மலிவாயிருக்கிறதே, ஆறு பேர் பயன்படுத்தலாமே என்றும் பலர் கேட்கிறார்கள். அது வீட்டுத் தேவைக்கான உரிமம், தொழிலுக்கு அன்று.

திறந்தமூலம் (அப்புத்தளை), ஜனவரி 20, இரவு 10.10

செலவுதான் பிரச்சினை என்றால் லிப்ரே ஆபிஸை ஏன் யாரும் சொல்லவில்லை? உரிமக் கட்டணம் இல்லை, தொழிலுக்கும் பயன்படுத்தலாம், கட்டளைப் பட்டியல்களைத் தமிழிலேயே காட்டவும் முடியும். அப்புத்தளையில் எங்கள் விருந்தினர் இல்லத்தில், லிப்டன் இருக்கைக்கு முச்சக்கரவண்டி ஒழுங்கு செய்யும் பட்டியல் முதல் மாதாந்தக் கணக்கு வரை மூன்று வருடமாக அதில்தான் நடக்கிறது. 2024 இல் வந்த 24.8 பதிப்பிலிருந்து, விடுதியின் பெயரைக் கொடுத்தால் அதன் கட்டணத்தைத் தேடித் தரும் புதிய வகைச் சூத்திரமும் அதில் இருக்கிறது. முந்தைய வகையில் நிரல் எண்ணைக் கொடுத்திருப்போம்; நடுவில் ஒரு நிரலைச் செருகினால், அறைக் கட்டணம் வரவேண்டிய இடத்தில் விடுதியின் தொலைபேசி இலக்கம் வந்து நிற்கும். ஒரு முறை அந்த இலக்கத்தையே ரூபாயாகப் பெருக்கி விலைக்கூறல் அனுப்பினோம். விருந்தினர் மிகவும் பண்பாக, மலையையும் சேர்த்து விற்கிறீர்களா என்று கேட்டிருந்தார்.

கண்டி அக்கா சொன்ன, இருவரும் ஒரே நேரத்தில் எழுதி அதை அந்தக் கணமே பார்க்கும் வசதி இதில் இல்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அட்டவணை ஒன்றை மட்டும் கூகுள் ஷீட்ஸில் வைத்துவிட்டு, கடிதம், விலைக்கூறல் போன்றவற்றை லிப்ரே ஆபிஸில் செய்தால் சந்தாவே தேவையில்லை. கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவச இடம் உண்டு. மூவர் அலுவலகத்தின் எழுத்துக் கோப்புகளுக்கு அது தாராளம்.

கண்டிப்பதிவு, ஜனவரி 21, காலை 9.00

தம்பி, இலவசக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருடைய சொந்தக் கணக்காக இருக்கும். அவர் வெளிநாடு போகும் நாளில் அட்டவணையும் விமானம் ஏறிவிடும். எதில் வைத்தாலும் அலுவலகத்தின் பெயரில் ஒரு கணக்கை உருவாக்கி, அதன் மீட்பு இலக்கமாக முதலாளியின் தொலைபேசியைக் கொடுங்கள்.

பழையகணக்கு, ஜனவரி 21, இரவு 7.45

நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் ரயில் நிலையத்தில் நிற்பவரைப் பற்றி யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் காலத்தில் பேரேடு நடக்காது, நாங்கள்தான் நடந்து பேரேட்டிடம் போவோம்.

இனி, மாற்றுவது என்று முடிவானால் ஒரு விடயத்தைச் செய்யாமல் மாற்றாதீர்கள். உங்கள் விலைக்கூறல் தாள்களைத் திறந்து சூத்திரங்களைப் பாருங்கள். பெறுமதி சேர் வரியின் வீதம் சூத்திரத்துக்குள்ளேயே எண்ணாக எழுதப்பட்டிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். 2022 ஜூன் 1 இல் அது 8 இலிருந்து 12 வீதமானது. அதே வருடம் செப்டெம்பர் 1 இல் 15 ஆனது. 2024 ஜனவரி 1 இலிருந்து 18. உங்கள் அலுவலகம் அவ்வரிக்குப் பதிவு செய்யாததாக இருந்தாலும், விடுதிகள் உங்களுக்குத் தரும் கட்டணத்தில் அது உள்ளே இருக்கும்; சில விடுதிகள் வரி தவிர்த்த கட்டணத்தைத் தந்து, பற்றுச்சீட்டில் சேர்த்துப் போடும். என் மருமகன் வேலை செய்யும் இடத்தில் நாற்பது தாள்களில் வீதத்தைக் கையால் மாற்றினார்கள். மூன்று தாள்கள் தப்பிவிட்டன. அந்த மூன்றின் வித்தியாசத்தையும் அவர்களே சுமந்தார்கள்.

வீதங்களுக்கென்று ஒரு தனித் தாள் வையுங்கள். அதில் வரியின் பெயர், வீதம், எந்தத் திகதியிலிருந்து என்ற மூன்று நிரல்கள் போதும். டொலரின் பெறுமதியையும் அங்கேயே திகதியுடன் எழுதுங்கள். 2022 மார்ச்சில் ரூபாய் வழுக்கியபோது டொலரில் விலை சொல்லி ரூபாயில் கணக்கு வைத்தவர்கள் பட்ட பாடு உங்கள் முதலாளிக்கு நினைவிருக்கும். மற்ற எல்லாத் தாள்களும் அங்கிருந்து எடுக்கட்டும். இதைச் செய்து முடித்த பின் கோப்பைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டு போனால், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மூடுபனி, பெப்ரவரி 15, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் எதுவும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றைச் செய்துகொண்டிருந்ததே. கேட்டதற்கு நானும் நடந்ததைச் சொல்வதுதான் முறை.

முதலாளிக்கு எழுதிய குறிப்பு அரைப் பக்கத்தோடு முடிந்தது. இரட்டைத் திருப்பிக் கொடுப்பனவு, கண்டியில் வெறுமனே நின்ற வானின் எரிபொருள், சாரதியின் அன்றைய கூலி ஆகிய மூன்றையும் கூட்டி ஒரு பக்கத்திலும், இரண்டு பேருக்கான வருடச் சந்தாவை மறுபக்கத்திலும் எழுதினேன். புதிய வசதிகளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவர் கடலை சுற்றவில்லை. சந்தாவில் உலாவியிலும் தொலைபேசியிலும் மட்டும் வேலை செய்யும் எளிய வணிகத் திட்டத்தை எனக்கும் தம்பிக்கும் எடுத்தோம். கடிதங்களுக்கு இரண்டு கணினிகளிலும் லிப்ரே ஆபிஸ். விண்டோஸ் 7 கணினிக்குப் பதிலாகத் திருத்துகூடம் அண்ணா சொன்ன தகுதிகளைப் பார்த்து, பாவித்த கணினி ஒன்றை வாங்கினோம். விண்டோஸ் 10 கணினியும் 11 க்குத் தேறவில்லை. விரைவில் அதற்கும் முடிவு கட்ட வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதிவிட்டேன். அச்சுப்பொறி, அவர் பயந்தபடியே, புதிய கணினியில் வேலை செய்யவில்லை. அது இப்போது பழைய கணினியோடு மூலையில் இருக்கிறது. சாரதிப் பட்டியல் அச்சிட வேண்டுமானால் அந்த மூலைக்குப் போகிறோம்.

கோப்பைத் துப்புரவு செய்யும்போது யாரும் சொல்லாத ஒரு சிக்கல் அகப்பட்டது. இரண்டு கணினிகளில் ஒன்றில் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையிலும், மற்றதில் பிரித்தானிய முறையிலும் இருந்திருக்கிறது. ஏப்ரல் 3 என்று நினைத்து நான் 3/4 எனத் தட்டிய திகதியை அமெரிக்க முறைக் கணினி மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 25 ஆம் திகதி என்று தட்டியபோது இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அதைத் திகதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. ஆகவே மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களுக்கான பதிவுகள் பிழையான மாதத்திலும், மற்றவை வரிசைப்படுத்தும்போது தாளின் அடியிலும் போய்க் கிடந்தன. டிசம்பரில் கண்டியில் நின்ற வானுக்கு மூன்று கோப்புகள் மட்டும் காரணமில்லை என்று இப்போது சந்தேகிக்கிறேன். இரண்டு கணினிகளையும் ஒரே அமைப்புக்கு மாற்றி, சந்தாக் கணக்கின் பிராந்தியத்தையும் மாற்றி, மாதம் எண்ணாகத் தெரியாமல் பெயராகத் தெரியும்படி நிரலை அமைத்தோம். சந்தேகமான ஒவ்வொரு பதிவையும் மின்னஞ்சலோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின.

அச்சுக்கூடம் ஐயா சொன்ன பாமினி வேலை இன்னும் முடியவில்லை. வழிகாட்டிகளின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் மாறிவிட்டன. சாரதிகள் இப்போது தங்கள் தொலைபேசியிலேயே நாளைய ஓட்டத்தைத் தமிழில் வாசிக்கிறார்கள். முன்பு இரவு எட்டு மணிக்குப் பின் ஒவ்வொருவராக அழைத்து, 'அண்ணா, நாளைக்கு விடிய நாலரைக்கு ஹோட்டன்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. மாதத்தின் முதல் நாளிலேயே எனக்குத் தெரிந்த பயன் அதுதான்; அதை நான் குறிப்பில் எழுதவே இல்லை. ஒரு சாரதி மட்டும் இன்னும் தொலைபேசியில் கேட்டால்தான் நம்புவேன் என்கிறார். அவருக்கு அழைத்துச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. மின்சாரம் போனால் இணைய இணைப்புக் கருவியும் போகிறது. மழை நாட்களில் தொலைபேசி வழியான இணைப்பு மிக மெதுவாக வருகிறது. அதனால் ஒவ்வொரு மாலையும் அடுத்த இரண்டு நாள் அட்டவணையை அச்சிட்டு மேசையில் வைக்கிறோம். பழையகணக்கு ஐயா இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று தெரியும். வரி வீதத் தாளையும் அவர் சொன்னபடியே வைத்தேன். எங்கள் தாள்களில் 15 வீதத்திலேயே நின்றுபோன இரண்டு அகப்பட்டன.

இன்னும் தீராத ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். கடவுச்சீட்டுப் படங்கள் உள்ள கோப்புறையில் 2014 இலிருந்து எல்லாம் இருக்கிறது. அழிக்கலாம் என்று நான் சொல்கிறேன். யாராவது அதிகாரி வந்து கேட்டால் என்ன செய்வது என்று முதலாளி தயங்குகிறார். மற்ற அலுவலகங்களில் என்ன செய்கிறீர்கள்?

திருத்துகூடம், பெப்ரவரி 16, காலை 8.30

முதலில் அந்தக் கோப்புறையை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றாதீர்கள். ஏற்றியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பணக் கணக்குக்குத் தேவையானவை பற்றுச்சீட்டும் வங்கிப் பதிவும்தான். அவற்றைக் கணக்காய்வாளர் சொல்லும் காலம் வரை வைத்திருங்கள். கடவுச்சீட்டின் படம் அதற்குத் தேவையில்லை. எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை உங்களைப் பதிவு செய்த சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிடம் முதலாளி எழுத்தில் கேட்கட்டும். அவருடைய தயக்கத்துக்கு அந்தக் கடிதமே மருந்து. பதில் வரும்வரை பழையவற்றைப் பூட்டிய வெளி வன்தட்டு ஒன்றுக்கு மாற்றி, சாவியை அவரிடமே கொடுங்கள். பழைய கணினியை யாருக்காவது விற்பதானால், வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்கவும்.

பழையகணக்கு, பெப்ரவரி 16, இரவு 7.20

சிரிக்கவில்லை மகள். அச்சிட்ட தாளில் திகதியையும் அச்சிட்ட நேரத்தையும் மேலே போடுங்கள். இல்லாவிட்டால் மேசையில் மீண்டும் மூன்று 'கடைசி' சேர்ந்துவிடும்.